'ஐ7' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்: மடிக்கணினிப் பட்டியல் தயாரிக்கும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு 'வாங்க வேண்டிய மடிக்கணினி' என்று ஒரு தாள் அனுப்பும் பல்கலைக்கழகத் துறைத் தலைவர்களுக்கும் கணினி மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அந்தத் தாளில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராஃபிக்ஸ்." வரலாறு படிக்க வருபவருக்கும் அதே வரி, கட்டடப் பொறியியல் படிக்க வருபவருக்கும் அதே வரி. நீங்கள் அதை ஆலோசனையாக எழுதுகிறீர்கள். வீட்டில் அதை உத்தரவாகப் படிக்கிறார்கள். "காலேஜே சொல்லியிருக்கு" என்று கடன் வாங்கியாவது அந்த நான்கு எண்களையும் நிரப்பிவிடுகிறார்கள். கடைக்காரரோ அந்த நான்குக்குள் அடங்கும் எதை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். எண்கள் சரியாகவே இருக்கும். மங்கலான திரை, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும் பேட்டரி, கூட்டவே முடியாத ரேம், இரண்டாம் ஆண்டில் பிளந்துகொள்ளும் கீல் ஆகியவையும் அந்த எண்களோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

நாங்கள் லேப்டாப் பழுதுபார்ப்பவர்கள், ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பவர்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பாகங்களின் பெயரிலிருந்து தொடங்காமல், உங்கள் பாடத்தில் ஓடப்போகும் மென்பொருளிலிருந்து தொடங்கிப் பட்டியலை எழுதுங்கள். வாங்கிய பின் மாற்ற முடியாதவற்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மாற்றிக்கொள்ள முடிந்தவற்றை மாணவரின் கையிருப்புக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் அந்த 'ஐ7'. 2022-இல் வந்த இரண்டு இன்டெல் ப்ராசஸர்களைப் பாருங்கள். கோர் ஐ7-1255யு என்பதில் பெரிய கோர் (கணக்கிடும் பகுதி) இரண்டு, சிறிய கோர் எட்டு. அடிப்படை மின்சக்தி 15 வாட். கோர் ஐ5-12500எச் என்பதில் பெரிய கோர் நான்கு, சிறிய கோர் எட்டு. அடிப்படை மின்சக்தி 45 வாட். இணையத்தில் தேடவும் கட்டுரை தட்டவும் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நிமிடக்கணக்கில் ஓடும் ரெண்டரிங்கிலோ, பெரிய நிரலைத் தொகுப்பதிலோ, சிமுலேஷனிலோ ஐ5 தெளிவாக முந்திவிடும். உங்கள் தாளின்படி பார்த்தால் அந்த ஐ5 தகுதி இல்லாதது, ஐ7 தகுதியானது. வேலையின் தன்மையைச் சொல்வது பெயரின் கடைசி எழுத்து. யு என்றால் குறைந்த மின்சாரம், குறைந்த சூடு, நீண்ட பேட்டரி. எச் என்றால் நீடித்த வேகம், கூடவே விசிறிச் சத்தமும் எடையும். எச்எக்ஸ் என்பது மேஜைக்கணினியின் இடத்தை நிரப்ப வந்தது. தினமும் முதுகில் சுமக்க ஏற்றதல்ல.

ஏஎம்டியிலும் இதே குழப்பம் உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ஒரே குடும்பம் போலத்தான் தோன்றும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுகிறது: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யு-வில் இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2, அதுவும் நான்கே கோர். மற்ற இரண்டிலும் ஆறு கோர். 'ரைசன் 5, 7000 வரிசை' என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது கைக்கு வரும் என்பது கடையின் இருப்பைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, 2023 டிசம்பரில் வெளிவந்த இன்டெல் கோர் அல்ட்ரா வரிசையின் பெயரில் 'ஐ' என்ற எழுத்தே கிடையாது. பழைய தாளை ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பினால், 'ஐ7 வேண்டும்' என்ற வரிக்காகப் பழைய சரக்கைத் தேடிப் பிடித்து வாங்கும் மாணவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

அடுத்தது ரேம். 16 ஜிபி என்று நீங்கள் எழுதுவது சரிதான். ஆனால் அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். எல்பிடிடிஆர் வகை நினைவகம் ஏறக்குறைய எல்லா லேப்டாப்களிலும் மதர்போர்டிலேயே சால்டர் அடித்து வருகிறது. வாங்கிய அளவுதான் கடைசி வரை. டிடிஆர்4, டிடிஆர்5 என்று எழுதியிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்ற அமைப்பும் நிறைய உண்டு. கடையில் இயங்கும் கணினியிலேயே இதைப் பார்த்துவிடலாம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யை அழுத்தினால், 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்றோ 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றோ காட்டும். முதலாவது என்றால் கழற்றலாம். இரண்டாவது என்றால் சால்டர். அதன் பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் இருக்கும்.

ஸ்லாட் இருக்கும் கணினியில் 8 ஜிபியோடு தொடங்கி, தேவை வந்ததும் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். பணத் தட்டுப்பாடு உள்ள மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்கள் ஒற்றை வரியில் அடிபட்டுப் போகிறது. கூட்டும்போது டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. ஒற்றை ரேம் போட்டு விற்கும் மாடல்களில் இன்னொரு இழப்பும் உண்டு. ப்ராசஸரோடு இணைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரேம் ஒரே சேனலில் (ப்ராசஸரோடு பேசும் ஒரே வழியில்) இருந்தால் அதன் பாதை பாதியாகக் குறைந்துவிடுகிறது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் உள்ள ப்ராசஸரே ஒற்றை ரேமோடு இருந்தால் விண்டோஸில் வெறும் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்றுதான் காட்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் பெயர் மாறும், வேகமும் கூடும். 'கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை' என்று புதுக்கணினி வாங்க யோசிப்பவர்கள் இதை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இனி உங்களால் மட்டுமே சொல்லக்கூடிய விஷயத்துக்கு வருவோம். எந்த ஆண்டில், எந்தப் பாடத்துக்கு, எந்த மென்பொருள்? கடைக்காரருக்கு இது தெரியாது, இணையத்தில் மதிப்புரை எழுதுபவருக்கும் தெரியாது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ, பவர் பிஐ டெஸ்க்டாப் நான்கும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு தொடங்கி ஆப்பிள் தன் சொந்த ப்ராசஸருக்கு மாறியது. அந்த மேக்புக்குகளில் பழைய பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட முடியாது. மேக்புக்கோடு வரும் இயந்திரவியல் மாணவர் மூன்றாம் பருவத்தில் சாலிட்வொர்க்ஸ் வகுப்பில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அதே மேக்புக் புள்ளியியல் மாணவருக்கோ இதழியல் மாணவருக்கோ மிகப் பொருத்தமானது: ஆர், பைத்தான், எஸ்பிஎஸ்எஸ், மேட்லேப் எல்லாம் அதில் ஓடும், பேட்டரியும் நிற்கும். ஐபோன் செயலி எழுதும் பாடம் உங்கள் துறையில் இருந்தால் நிலைமை தலைகீழ். அதற்கான எக்ஸ்கோட் மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும்.

விண்டோஸ் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றும் இருந்துவிட முடியாது. 2024-இலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசஸரோடு விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. எடை குறைவு, பேட்டரி பிரமாதம். ஆனால் அவை ஆர்ம் வகை, அதாவது இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களிலிருந்து வேறான வடிவமைப்பு. சாதாரண விண்டோஸ் மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை (கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்களை) அப்படி ஓட்ட முடியாது, அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் உள்ள பழைய அளவீட்டுக் கருவி, யுஎஸ்பியில் செருகும் உரிமச் சாவி, சில தேர்வு உலாவிகள் (தேர்வின்போது வேறெதையும் திறக்க விடாதவை) இதில்தான் மாட்டிக்கொள்ளும். வலைப்பின்னல் பாடத்தில் நீங்கள் கொடுக்கும் ஆயத்த மெய்நிகர் கணினிக் கோப்புகள் எக்ஸ்86-க்காக (இன்டெல், ஏஎம்டி வகைக்காக) செய்யப்பட்டவை என்றால், ஆர்ம் கணினியில் அவற்றை நடைமுறை வேகத்தில் ஓட்ட முடியாது. மேக்புக்குக்கும் இதே தடை உண்டு. ஆகவே கணினி அறிவியல் துறையினர் 'இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆர்முக்கான கோப்புகளையும் தயாரித்து வைக்க வேண்டும். குரோம்புக்கைப் பற்றியும் ஒரு வரி போதும்: உலாவிக்குள் அடங்கும் வேலைக்கு நல்லது, நிறுவ வேண்டிய மென்பொருள் ஒன்று இருந்தாலும் சிக்கல்.

உரிமத்தைப் பற்றியும் எழுதுங்கள். மென்பொருளை மாணவர் தன் கணினியில் நிறுவ உங்கள் உரிமம் இடம் தருகிறதா, ஆய்வகத்தில் மட்டும்தானா, தொலைவிலிருந்து ஆய்வகக் கணினியில் நுழைந்து வேலை செய்யலாமா? ஆய்வகத்தில் மட்டும் என்றால், அதற்காகக் கனமான லேப்டாப்பை யாரும் வாங்க வேண்டியதே இல்லை. இந்த ஒரு விவரம் சில குடும்பங்களுக்குப் பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

'4 ஜிபி கிராஃபிக்ஸ்' என்ற சொல்தான் பட்டியலிலேயே அதிகச் செலவு வைப்பது. நினைவகத்தின் அளவைச் சொல்கிறது, சிப் எது என்று சொல்வதில்லை. சிப்பின் பெயரைச் சொன்னாலும் கதை முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்க என்விடியா தயாரிப்பாளருக்கு இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைத்த 4060, தாராளமான வாட்டும் நல்ல விசிறியும் உள்ள 4050-க்குப் பின்னால் நிற்கக்கூடும். விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் 'டிஜிபி' (கிராஃபிக்ஸுக்குக் கிடைக்கும் வாட்) என்று இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் எந்தத் தனி கிராஃபிக்ஸும் முழு வேகம் தராது. மேஜைதோறும் பிளக் இல்லாத வகுப்பறையில் அந்த 4 ஜிபி சும்மா கனமாக உட்கார்ந்திருக்கும்.

யாருக்கு உண்மையில் வேண்டும்? முப்பரிமாண வடிவமைப்பு, ரெண்டரிங், வீடியோ தொகுப்பு, ஆழக் கற்றல். கடைசியாகச் சொன்னதில் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் தளம் வழியாகத்தான் பெரும்பாலான பாடங்கள் நடக்கின்றன. அது என்விடியாவில் மட்டும். அங்கே சிப்பின் வேகத்தை விட அதன் நினைவகமே முதலில் முட்டும். 4 ஜிபியில் ஏஐ மாதிரி (மாடல்) ஏறவே ஏறாமல் 'அவுட் ஆஃப் மெமரி' என்று நின்றுவிடும். 4060-இன் 8 ஜிபியில் மெதுவாகவாவது ஓடும். அதற்கும் மேலே போனால் லேப்டாப் சரியான இடமே அல்ல, துறையின் சர்வரில் கணக்குத் திறந்து கொடுப்பதுதான் நியாயம். 'ஏஐ பிசி' என்று ஒட்டி வரும் ஸ்டிக்கரும் குழப்புகிறது. மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் பிளஸ் பெயருக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள என்பியு, அதாவது ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, வேண்டும். அது விண்டோஸின் சில வசதிகளை ஓட்டுகிறது. உங்கள் மாணவர் பைடார்ச் என்ற ஆழக் கற்றல் மென்பொருளில் மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது அது பொதுவாக வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெயரால் ஒரு நன்மை உண்டு: அதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ரேம் கட்டாயம்.

உங்கள் வரியில் இல்லாதவற்றைப் பற்றி இனி. பழுதுக்கு வருபவை பெரும்பாலும் இவைதான்.

கீல், அதாவது கடையில் ஹிஞ்ச் என்று சொல்வது. விலை குறைந்த லேப்டாப்களில் மூடியும் உடலும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் சுண்டுவிரல் நுனியை விடச் சிறிய தூண்களை வார்த்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பித்தளை நட்டைப் பதித்திருப்பார்கள். கீலின் இரும்புப் பட்டை அந்த நட்டில்தான் திருகு போட்டு நிற்கிறது. கீல் இறுக்கமாக இருந்தாலோ, நாளடைவில் உள்ளே கிரீஸ் காய்ந்தாலோ, திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூண்தான் விசையைத் தாங்குகிறது. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் முழு விசையும் ஒரு பக்கத் தூணுக்கு. ஒருநாள் நட்டு தூணோடு பிய்ந்து வரும். முதல் அறிகுறி, மூடும்போது கேட்கும் 'டக்' என்ற சத்தம். அல்லது திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ் மூலையில் நகம் நுழையும் அளவு இடைவெளி. அப்போதே கொண்டு வந்தால் நட்டை மீண்டும் பதித்து எபாக்ஸி வைத்துச் சரிசெய்துவிடலாம். 'ஓடுது, பரவாயில்லை' என்று விட்டால் இரும்புப் பட்டை திரைக் கேபிளை அறுக்கும், பிறகு திரையே விரிசல் விடும். அப்போது மூடி, கேபிள், திரை மூன்றும் வாங்க வேண்டும். ஆகவே பட்டியலில் எழுதுங்கள்: மூடி உலோகமாக இருந்தால் நல்லது, மூடியின் நடுவில் ஒரு விரலால் தூக்கினாலே திறக்க வேண்டும், மூலையைப் பிடித்து மெதுவாக முறுக்கினால் நெளியக் கூடாது. கடையில் பார்த்துவிட அரை நிமிடம் போதும்.

திரை. 1366-க்கு 768 என்ற தெளிவுள்ள திரையில் ஒரு பக்கம் பிடிஎஃப், ஒரு பக்கம் கட்டுரை என்று வைத்து வேலை செய்யவே முடியாது. 1920-க்கு 1080 கீழ் எல்லை. 1920-க்கு 1200 கிடைத்தால் எழுதுபவருக்குக் கூடுதல் நான்கைந்து வரி தெரியும். ஒளி அளவு 250 நிட் என்று இருப்பது சன்னலோர மேஜைக்குப் போதாது. 300-க்குக் குறையாமல் கேளுங்கள். வடிவமைப்பு, கட்டடக்கலை, ஊடகத் துறைகள் நிறத்தைப் பற்றியும் எழுத வேண்டும். '45% என்டிஎஸ்சி' (ஒரு பழைய நிற அளவுகோல்) என்று குறிப்பிடும் திரை, எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறத் தொகுப்பின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட முழுதாகக் காட்டாது. அதில் பார்த்துச் செய்த சுவரொட்டி அச்சில் வேறு நிறமாகத்தான் வரும். '100% எஸ்ஆர்ஜிபி' என்ற சொல் அந்தத் துறைகளின் தாளில் இருந்தாக வேண்டும். திரையைப் பிறகு மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும், ஆனால் அந்தச் செலவுக்கு முதலிலேயே நல்ல திரை வாங்கியிருக்கலாம்.

பேட்டரியை 'பத்து மணி நேரம் வரை' என்ற விளம்பரத்தால் அளக்காதீர்கள். வாட்-மணியால் அளந்து எழுதுங்கள். பேட்டரியின் மேல் வோல்ட்டும் மில்லிஆம்பியர்-மணியும் அச்சாகியிருக்கும். 11.4 வோல்ட், 3600 மில்லிஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 41 வாட்-மணி. லேசான வேலைக்கு லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம். வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் 14 வாட் வரை போகும், அப்போது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இது புதிதாக இருக்கும்போது. இரண்டு, மூன்று ஆண்டில் கொள்ளளவு கால் பங்கு குறைந்துவிடுவது சாதாரணம். எனவே தினமும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டிய துறையில் 50 வாட்-மணிக்குக் குறையாமல் கேளுங்கள். பேட்டரி திருகில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். நான்காண்டுப் படிப்பில் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர், கணினியோடு வரும் அமைப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திவைத்தால் ஆயுள் கூடும். டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, கணினி தரையில் படியாமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும்; அழுத்திப் பார்க்கக் கூடாது, குத்தவே கூடாது.

யுஎஸ்பி-சி ஓட்டை இருப்பதாலேயே எல்லாம் நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஒன்றில் தரவு மட்டும் போகும். ஒன்றில் சார்ஜும் ஏறும். இன்னொன்றில் திரையும் இணைக்கலாம். ஓட்டையின் வடிவம் மூன்றுக்கும் ஒன்றே. வகுப்பறை புரொஜெக்டர்கள் எச்டிஎம்ஐ என்றால் அதைத் தாளில் சொல்லிவிடுங்கள், முதல் செமினார் நாளில் அடாப்டர் தேடி ஓட வேண்டியிருக்காது. யுஎஸ்பி-சி வழியே 65 வாட் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், சார்ஜர் தொலைந்தாலும் நண்பருடையது உதவும். எடை விஷயத்தில் சார்ஜரையும் சேர்த்து எழுதுங்கள். 2.3 கிலோ விளையாட்டு லேப்டாப்போடு வரும் 200 வாட் சார்ஜரே அரைக் கிலோவைத் தாண்டும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான கணினிகளில் அது எம்.2 ஸ்லாட்டில் நிற்கிறது, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே 512 என்று கட்டாயப்படுத்தத் தேவையில்லை. பலருக்கு 256 போதும். 'இஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மெதுவானது, மதர்போர்டிலேயே சால்டர் ஆனது, பெரும்பாலும் 64 அல்லது 128 ஜிபி. விண்டோஸ் புதுப்பிப்புக்கே இடம் போதாமல் தவிக்கும். 512 ஜிபி வாங்கியவர் '476தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க' என்று கடைக்கு ஓடுவதும் நடக்கிறது. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, ஏமாற்று இல்லை.

இதை விட முக்கியமான ஒன்று எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. புதிய விண்டோஸ் 11 கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடுவது வழக்கம். திறக்க 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கிறது. அது அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். மதர்போர்டை மாற்றினால், சில சமயம் பயாஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தாலே கூட, கணினி அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். கடையில் யாரோ அவசரமாகத் தொடங்கிக் கொடுத்த மின்னஞ்சல் கணக்கு, மறந்துபோன கடவுச்சொல் என்றால், ஆய்வேட்டை எந்தப் பழுதுபார்ப்பவராலும் மீட்க முடியாது. 'கணக்கை நீங்களே தொடங்குங்கள், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், பாட வேலைகளை இன்னொரு இடத்திலும் நகல் வையுங்கள்' என்ற மூன்றையும் பரிந்துரைத் தாளிலேயே அச்சிடுங்கள்.

பழைய கணினி வாங்குவதை உங்கள் தாள் மறைமுகமாகத் தடுக்கிறது. 'புதியது, இந்த ஆண்டு மாடல்' என்று சில துறைகள் நேராகவே எழுதுகின்றன. நாங்கள் இதை ஏற்கவில்லை. அலுவலகங்கள் விட்டுக்கொடுக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் அதே விலையில் கிடைக்கும் புதிய பிளாஸ்டிக் லேப்டாப்பை விடக் கட்டுறுதியானவை. பாகங்களும் எளிதில் கிடைக்கும். நிபந்தனைகளை மட்டும் எழுதிக் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்கும் கணினியாக இருக்க வேண்டும்: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின், ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசை அல்லது அதற்குப் பின், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்). பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தால் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 70 சதவீதத்துக்குக் கீழ் என்றால் புதிய பேட்டரி விலையைக் கழித்துப் பேச வேண்டும். பயாஸில் கடவுச்சொல் கேட்டாலோ, விண்டோஸை முதலிலிருந்து நிறுவும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் சொல்லி நுழையச் சொன்னாலோ வாங்கக் கூடாது. மேக்புக்கில் ஆக்டிவேஷன் லாக் (முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டு) இருந்தாலும் அப்படித்தான்.

வெறும் குறை சொல்வதாக இருக்க வேண்டாம் என்று இரண்டு மாதிரிகளை எழுதியிருக்கிறோம். எடுத்துக்கொண்டு திருத்திப் பயன்படுத்துங்கள்.

மொழி, வரலாறு, சட்டம், வணிகவியல் துறைகளுக்கு: "விண்டோஸ், மேக் எதுவும் சரி. தேர்வு உலாவி விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடும். யு வகை ப்ராசஸர், ஆறாண்டுக்குள் வந்தது. ரேம் சால்டர் என்றால் 16 ஜிபி, ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியில் தொடங்கலாம். எஸ்எஸ்டி 256 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் வேண்டாம். 1.5 கிலோவைச் சுற்றி எடை, 50 வாட்-மணி பேட்டரி, 300 நிட் திரை. நீண்ட நேரம் தட்டச்சு செய்வீர்கள். கீபோர்டைக் கடையில் ஒரு பத்தி தட்டிப் பார்த்து வாங்குங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய கணினி போதும்."

கட்டடம், இயந்திரவியல் துறைகளுக்கு: "விண்டோஸ் 11, இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர், மேக், ஸ்னாப்டிராகன் வேண்டாம். முதல் ஆண்டில் ஆட்டோகேட் மட்டும், எந்த லேப்டாப்பும் சமாளிக்கும். சாலிட்வொர்க்ஸ் அல்லது ரெவிட் மூன்றாம் பருவத்தில் தொடங்கும். அப்போது எச் வகை ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 32 வரை கூட்டும் வசதி, 6 ஜிபி தனி கிராஃபிக்ஸ் இருந்தால் நல்லது. ஆய்வகக் கணினிகள் மாலையிலும் திறந்திருக்கும். வாங்க முடியாதவர்கள் அங்கே முழுப் பாடத்தையும் செய்து முடிக்கலாம்."

இரண்டாவது மாதிரியின் கடைசி வாக்கியத்தை அச்சிடும் முன் ஆய்வகம் மாலையில் உண்மையிலேயே திறந்திருக்க ஏற்பாடு செய்துவிடுங்கள். முதல் பருவத்துக்கு லேப்டாப் அவசியம் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆறு மாதம் காத்திருந்து, சீனியர்களிடம் கேட்டு, பாடத்தைப் பார்த்து வாங்குபவர் பெரும்பாலும் சரியாகவே வாங்குகிறார். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலை மட்டும் குறிப்பிட வேண்டாம். தாளின் தலைப்பில் அது எந்தக் கல்வியாண்டுக்கானது என்று போடுங்கள், அடியில் சந்தேகம் கேட்க ஒரு தொடர்பு எண் கொடுங்கள். கடைக்குப் போன மாணவர் அங்கே நின்றுகொண்டே ஒரு மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்ல, சேர்க்கை மாதத்தில் மட்டுமாவது ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவரை அந்த எண்ணில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுபார்ப்பவர்களும் ஆய்வகப் பராமரிப்பாளர்களும்